பகிடிப் படமும் கையொப்பமும்



ஊடகம் பற்றிய கட்டுரை என்றதும் உங்களிற் பெரும்பாலானோர் எழுதும் முதல் வாக்கியம் எனக்கு மனப்பாடமாகிவிட்டது. ஊடகம் இருபுறமும் கூருள்ள கத்தி என்பதே அது. அதன்பின் நன்மைகளுக்கு ஒரு பந்தி, தீமைகளுக்கு ஒரு பந்தி, இறுதியில் நல்வழியில் பயன்படுத்துவோமாக என்றொரு வேண்டுகோள். பிழையென்று சொல்லமாட்டேன். ஆனால் அங்கே எழுதியவரின் கருத்து எங்கே இருக்கின்றது என்று பரீட்சகர் தேடவேண்டியிருக்கும். ஆகவே இப்பகுதியில் ஊடகத்தின் ஒரு சிறு மூலையை மாத்திரம் எடுத்து, அதில் ஒரு பக்கம் நின்று வாதிட்டுப் பார்க்கிறேன். நீங்கள் உடன்படவேண்டும் என்ற கட்டாயமில்லை.

வினா இதுதான். சாதாரண மனிதர் ஒருவர், தம்மைக் கேலிசெய்யப் போகிறார்கள் என்பதை அறியாமல், கமெராவின் முன் நிற்கச் சம்மதித்துக் கையொப்பமும் இடுகிறார். படம் வெளியாகின்றது. ஊரெல்லாம் சிரிக்கின்றது. பொறுப்பு யாருடையது?

வகுப்பில் இதைக் கேட்டால் இரண்டு விடைகள் வரும். "ஒப்பம் வைச்சவர்தானே ரீச்சர், வாசிச்சுப் பார்த்திருக்க வேணும்" என்பது ஒன்று. "ஏமாத்தினவன்தான் பிழை" என்பது மற்றையது. இரண்டும் பாதி சரி. மூன்று வெவ்வேறு விடயங்களை ஒரே பொட்டலமாகக் கட்டிவிடுவதால்தான் இவ்விடைகள் மோதிக்கொள்கின்றன என்பது எனது எண்ணம். ஏமாற்றப்பட்டமை ஒன்று, கமெராவின் முன் அவர் தாமாகப் பேசிய பேச்சு இன்னொன்று, அவரை வைத்துப் பிறர் செய்துகொண்டது மூன்றாவது. இம்மூன்றையும் பிரித்துப் பார்ப்போம்.

இவ்வகை நகைச்சுவை இன்று நேற்றுத் தோன்றியதன்று. ஐக்கிய அமெரிக்காவில் அலன் ஃபன்ட் என்பவர் 1947 இல் வானொலியில் ஒலிவாங்கியை மறைத்துவைத்து ஆரம்பித்த நிகழ்ச்சி, 1948 இல் தொலைக்காட்சிக்கு வந்து 'கண்டிட் கமெரா' என்று புகழ்பெற்றது. அதில் கவனிக்கவேண்டிய ஒழுங்கு ஒன்று உண்டு. முதலிற் பகிடி நடக்கும். பின்பு கமெரா மறைந்திருக்கும் இடத்தைக் காட்டி உண்மையைச் சொல்வார்கள். அதன் பின்னரே ஒளிபரப்புவதற்கான அனுமதியில் ஒப்பம் கேட்பார்கள். தமக்கு என்ன நடந்தது என்பதை அறிந்த மனிதர் வேண்டுமென்றால் ஒப்பமிடலாம், வேண்டாமென்றால் மறுக்கலாம்.

2006 நவம்பரில் வெளிவந்த 'போரட்' என்ற திரைப்படம் இந்த ஒழுங்கைத் தலைகீழாக்கியது. பிரித்தானிய நகைச்சுவை நடிகர் சாஷா பரன் கோஹன், கசகஸ்தானிலிருந்து வந்த தொலைக்காட்சிச் செய்தியாளராக வேடமிட்டு அமெரிக்காவெங்கும் சுற்றினார். எதிர்ப்பட்டவர்கள் அவரை உண்மையான வெளிநாட்டவர் என்றே நம்பினர். அவர் பேசிய 'கசாக்' மொழி கசாக் மொழியே அல்ல, பெரும்பாலும் ஹீப்ரு என்பது அவர்களில் எவருக்கும் தெரிந்திருக்க நியாயமில்லை. ஏறத்தாழ 1.8 கோடி டொலர் செலவில் எடுக்கப்பட்ட அப்படம் உலகெங்கும் 26 கோடி டொலருக்கு மேல் வசூலித்தது. வழக்குகளும் வரிசையாக வந்தன.

இந்தப் படத்தில் ஒப்பம் பகிடிக்கு முன்னரே வாங்கப்பட்டது. சாரதிப் பயிற்றுநர் ஒருவரின் கதையைப் பாருங்கள். வெளிநாட்டவர் ஒருவர் அமெரிக்க வாழ்க்கைமுறைக்குப் பழகுவதைப் பற்றிய ஆவணப்படம் என்று அவருக்குச் சொல்லப்பட்டது. ஐந்நூறு டொலர் கொடுக்கப்பட்டது. படப்பிடிப்பு ஆரம்பிக்கும் தறுவாயில் ஒரு சம்மதப் பத்திரம் நீட்டப்பட்டது, அவர் ஒப்பமிட்டார். பின்னர் ஏமாற்றப்பட்டதாக நியூயோர்க்கில் அவரும், விருந்தொழுக்கம் கற்பிப்போரும், விருந்தொன்றிற் கலந்துகொண்டோரும் வழக்குத் தொடுத்தனர். 2008 செப்டெம்பரில் நீதிபதி அவ்வழக்கைத் தள்ளுபடி செய்தார். மேன்முறையீட்டிலும் தீர்ப்பு மாறவில்லை.

தமிழ் மொழிப் பாடம் படிக்கும் உங்களுக்கு இத்தீர்ப்பு சுவையாக இருக்கும். வழக்கின் முக்கிய வாதம் ஒரு சொல்லைச் சுற்றியே நடந்தது. பத்திரத்தில் 'ஆவணப்படம்' என்று எழுதப்பட்டிருக்கவில்லை. 'ஆவணப்படப் பாணியிலான படம்' என்றே இருந்தது. பாணி என்ற அந்தச் சிறு சொல் ஒட்டியவுடன் பொருள் மாறிவிடுகின்றது. ஆவணப்படம் உண்மையைக் காட்டக் கடமைப்பட்டது. ஆவணப்படப் பாணியில் அமைந்தது, தோற்றத்தில் அதைப் போலிருந்தால் போதுமானது. அடைமொழி, உவம உருபு என்றெல்லாம் இலக்கணத்திற் படிக்கும்போது "இது எதற்கு ரீச்சர்" என்று கேட்பவர்களுக்கு இதைத்தான் காட்டுவேன். அதே பத்திரத்தில் இன்னொரு வாசகமும் இருந்தது. படத்தின் தன்மை பற்றியோ அதிற் பங்குபற்றும் ஏனையோர் யார் என்பது பற்றியோ எவரும் வாயாற் சொன்ன எதனையும் நம்பித் தாம் ஒப்பமிடவில்லை என்று ஒப்பமிடுபவரே ஏற்றுக்கொள்கிறார் என்பது அதன் சாரம். வாயாற் சொல்லியது முழுவதையும் அவ்வொரு வரி அழித்துவிட்டது.

சட்டம் அங்கே தன் வேலையை முடித்துக்கொண்டது. அந்தப் பயிற்றுநர் திரையில் எப்படி நடந்துகொண்டார் என்பது சட்டத்துக்குத் தேவைப்படவில்லை. ஆனால் நமக்குத் தேவை. பெண்களைப் பற்றி இழிவாகப் பேசிய அந்நியனிடம், யாரோடு பழகுவதென்று தெரிவுசெய்யும் உரிமை இங்கு பெண்ணுக்கு உண்டு என்று அவர் பொறுமையாக எடுத்துச் சொன்னார். வழக்கிலே தோற்றாலும், அவர் பேசிய வார்த்தைக்காக அவர் தலைகுனிய வேண்டியதில்லை.

இவரோடு ஒப்பிட வேண்டியவர்கள், தெற்குக் கரோலைனாவைச் சேர்ந்த பல்கலைக்கழக மாணவர்கள். தம் வாகனத்தில் போரட்டை ஏற்றிக்கொண்டு சென்ற மூன்று இளைஞர்கள், மதுவருந்தியபடி, அடிமை முறை மீண்டும் இருந்தால் நல்லது என்ற தொனியில் பேசினர். சிறுபான்மையினரே நாட்டில் அதிகாரத்தைக் கைப்பற்றிவிட்டனர் என்று குறைப்பட்டனர். படம் வந்த கையோடு 2006 நவம்பரில் அவர்களில் இருவர், பெயரை மறைத்து, லொஸ் ஏஞ்சல்ஸில் வழக்குத் தொடுத்தனர். தம்மை மதுச்சாலைக்கு அழைத்துச்சென்று குடிக்கவைத்த பின்னரே ஒப்பம் வாங்கினார்கள் என்றும், படம் அமெரிக்காவிற் காட்டப்படமாட்டாது என்று சொன்னார்கள் என்றும் முறையிட்டனர். தடையுத்தரவு கிடைக்கவில்லை, வழக்கும் நிலைக்கவில்லை.

அவர்கள் சொன்னது முழுவதும் உண்மையென்றே வைத்துக்கொள்வோம். குடிக்கவைத்து ஒப்பம் வாங்குவது அழகான செயலன்று. அது தயாரிப்பாளர் பக்கத்துக் குற்றம். இப்போது அளவையியல் கற்கும் மாணவர்கள் சற்றுக் கவனியுங்கள். "நான் ஏமாற்றப்பட்டேன், ஆகவே நான் பேசியதற்குப் பொறுப்பில்லை" என்ற வாதத்தில் ஓர் எடுகூற்று மறைந்திருக்கின்றது. ஏமாற்றுதான் என்னை அப்படிப் பேசவைத்தது என்பதே அது. அதை வெளியே எடுத்துவைத்துப் பாருங்கள். அவர்கள் எதைப் பற்றி ஏமாற்றப்பட்டார்கள்? யார் பார்க்கப் போகிறார்கள் என்பதைப் பற்றி. அடிமை முறை பற்றிய கருத்தை அவர்கள் வாயில் ஊட்டிவிட்டவர் எவருமில்லை. "அமெரிக்காவிற் காட்டமாட்டோம் என்றார்கள்" என்ற முறைப்பாட்டின் மறுபக்கம் என்ன? எங்கோ தூரதேசத்தில் யாரோ பார்ப்பதென்றால் அதைச் சொல்வதில் அவர்களுக்குத் தயக்கமில்லை என்பதுதானே. ஊரார் அறியமாட்டார்கள் என்று நினைத்துப் பேசிய பேச்சும் நம் பேச்சே.

இடைநடுவில் நிற்பவர்களும் உண்டு. அவர்களைப் பற்றித்தான் எனக்கு அதிகம் யோசனை. துப்பாக்கிக் கடையொன்றில் போரட், யூதரிடமிருந்து தற்காத்துக்கொள்ள எந்தத் துப்பாக்கி சிறந்தது என்று கேட்கிறார். கடைக்காரர் முகம் மாறாமல் இரண்டு வகைகளைச் சிபாரிசு செய்கிறார். கேட்டவரான கோஹன் ஒரு யூதர் என்பது அவருக்குத் தெரியாது. அந்தக் கடைக்காரர் யூத வெறுப்பாளரா? அக்காட்சியை வைத்து அப்படிச் சொல்ல என்னால் முடியாது. வாடிக்கையாளர் கேட்டால் மறுத்துப் பேசாமற் பொருளை எடுத்துக்காட்டும் வியாபாரப் பழக்கமாக இருக்கலாம். ஆங்கிலம் சரியாகப் பேசத் தெரியாத விருந்தாளியைச் சங்கடப்படுத்தக் கூடாதென்ற பண்பாகவும் இருக்கலாம். ஆனால் துப்பாக்கி விற்பவரிடம், இன்ன இனத்தவருக்கு எதிராக என்று சொல்லிக் கேட்கப்படும் கேள்வி சாதாரண கேள்வியன்று. அவர் எதையும் புதிதாகச் சொல்லவில்லை. மறுக்க வேண்டிய இடத்தில் மறுக்கவில்லை. அவ்வளவுக்கு அவர் பொறுப்பாளி. மாணவர்களைப் போல முழுப் பொறுப்பாளி அல்லர்.

விருந்துக் காட்சியில் நிலைமை இன்னும் சிக்கல். விருந்தாளி செய்த அருவருப்பான காரியங்களையெல்லாம் வீட்டார் பொறுத்துக்கொள்கின்றனர். இறுதியில், விலைமாதுவாக வேடமிட்ட கறுப்பின நடிகை ஒருவரை அவர் அழைத்து வந்ததும் வெளியேறச் சொல்கின்றனர். நிறத்தைக் கண்டா, தொழிலைக் கண்டா, அல்லது பொறுமை அதற்குமேல் தாங்காமலா? திரையரங்கிற் பார்ப்பவர் ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறார். பல மணிநேரம் எடுத்ததைச் சில நிமிடங்களாக வெட்டி ஒட்டியவரின் கத்தரிக்கோலும் அந்த முடிவிற் பங்குபற்றியிருக்கின்றது என்பதை மறந்துவிடுகிறார். பேசியதற்குத்தான் மனிதர் பொறுப்பு. தொகுப்பாளர் வைத்த ஒழுங்குக்கு அவர் எப்படிப் பொறுப்பாவார்?

ஒப்பமே இடாதவர் கதையும் ஒன்றுண்டு. நியூயோர்க் வீதியில் போரட் கைகுலுக்க வந்தபோது பயந்து ஓடிய வழிப்போக்கர் அவர். அவர் எதற்கும் சம்மதிக்கவில்லை. அவரது வழக்கும் 2008 இல் தள்ளுபடியானது. படம் பொதுமக்கள் அக்கறை கொள்ளக்கூடிய விடயமொன்றைக் கையாள்வதால், அம்மாநிலச் சட்டம் அதற்கு இடமளிக்கின்றது என்பது தீர்ப்பு. கையொப்பம் இட்டாலும் தோல்வி, இடாவிட்டாலும் தோல்வி. ஆகவே நீதிமன்றத்தின் விடையை நம்முடைய விடையாக எடுத்துக்கொள்ள முடியாது என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

இது எங்கோ அமெரிக்காவில் நடந்ததுதானே என்று சொல்லாதீர்கள். இன்று கைத்தொலைபேசி வைத்திருக்கும் எவரும் தயாரிப்பாளர். சென்னையில் 2021 ஜனவரியில் யூரியூப் அலைவரிசை ஒன்றைச் சேர்ந்த மூவர் கைதுசெய்யப்பட்டனர். அவர்கள் வெளியிட்ட வீதிப் பேட்டியிற் பேசிய பெண், அது முன்கூட்டியே எழுதிக் கொடுக்கப்பட்ட பேச்சு என்றும், தனக்குப் பணம் தந்தார்கள் என்றும், பார்ப்போர் கருத்துரை எழுதும் பகுதி மூடப்படும் என்று வாக்களித்தார்கள் என்றும் முறையிட்டார். இவர் கமெரா இருப்பதை அறிந்தவர், பேச்சையும் ஏற்றுக்கொண்டவர். பின்னர் கொட்டப்படும் வசைக்கு அவர் சம்மதிக்கவில்லை. இரண்டு ஆண்டுகளுக்கு முன், 2019 ஏப்ரலில், டிக்டொக் வழக்கை விசாரித்த சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, ஒருவரைத் திகைக்கவைத்துக் கேலிப்பொருளாக்குவது அவரது அந்தரங்க உரிமையை மீறுவதாகும் என்ற கருத்தைத் தெரிவித்தது. அமெரிக்க நீதிபதிகள் ஒப்பத்திலிருந்து தொடங்கினார்கள். மதுரையில் மனிதரிலிருந்து தொடங்கினார்கள். எனக்கு இரண்டாவது வழி பிடித்திருக்கின்றது.

நமது நாட்டில் 'பகிடி' என்ற சொல்லோடு 'வதை' சேர்ந்து இன்னொரு சொல்லாகி, 1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டத்தால் தடைசெய்யவும் பட்டது. பல்கலைக்கழகம் செல்லவிருப்போர் அதை நினைவிற் கொள்ளுங்கள். பகிடிவதைக்கு ஆளானவர் சிரித்துக்கொண்டுதான் செய்தார், விரும்பித்தான் செய்தார் என்று வதைத்தவர்கள் சொல்வது வழக்கம். மறுக்க வழியில்லாத இடத்திற் சிரிப்பது சம்மதமாகாது. பகிடிப் படத்துக்கும் இதே அளவுகோலைத்தான் வைக்கிறேன். மறுப்பதற்கு அவருக்கு உண்மையில் இடமிருந்ததா என்று முதலிற் கேளுங்கள். இருந்ததென்றால், அவர் என்ன பேசினார் என்று அடுத்துக் கேளுங்கள்.

2020 இல் இப்படத்தின் இரண்டாம் பாகம் வந்தது. அதில் போரட்டின் மகளாக நடித்த பெண்ணைச் சில நாள் பார்த்துக்கொள்ளும் பணிக்கு ஒரு கறுப்பினப் பெண்மணி அமர்த்தப்பட்டார். அவருக்கும் அது நகைச்சுவைப் படமென்று சொல்லப்படவில்லை. அழகுக்காக உடலை அறுத்துத் திருத்தவேண்டும் என்று நம்பியிருந்த அப்பெண்ணிடம், நீ இருக்கிறபடியே அழகாய்த்தான் இருக்கிறாய், உன் மூளையைப் பயன்படுத்து என்ற கருத்துப்பட அவர் எடுத்துச் சொன்னார். படப்பிடிப்பு முடிந்த பின்னரும் அப்பிள்ளையை நினைத்துக் கவலைப்பட்டதாகக் கூறினார். அவரும் ஏமாற்றப்பட்டவர்தான், கரோலைனா மாணவர்களைப் போலவே. பின்னர் அவரது தேவாலயப் போதகர் அவருக்காக நிதி திரட்டத் தொடங்க, கோஹன் அவரது சமூகத்துக்கு ஒரு இலட்சம் டொலர் வழங்கினார்.

அதே படத்தில், நாசிகளின் இனப்படுகொலையிலிருந்து உயிர்தப்பிய யூத மூதாட்டி ஒருவரும் தோன்றினார். அவரிடம் மாத்திரம், காட்சி எடுத்து முடிந்த கையோடு, இது வேடம், நடிப்பவர் யூதர் என்று உண்மை சொல்லப்பட்டதாகச் செய்திகள் வெளிவந்தன. அவரது மறைவுக்குப் பின் தொடுக்கப்பட்ட வழக்கும் 2020 ஒக்ரோபரிற் தள்ளுபடியானது. வழக்கை விடுங்கள். உண்மையைச் சொன்னாற் படம் எடுக்க முடியாது என்று வாதிடுவோருக்கு இது நல்ல பதில். மனம் இருந்தபோது சொல்ல முடிந்திருக்கின்றது.

எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, முதற்படத்தின் ஆரம்பக் காட்சிகளுக்கு வருகிறேன். போரட்டின் சொந்தக் கிராமமாகக் காட்டப்படுவது கசகஸ்தானில் இல்லை. அது ருமேனியாவிலுள்ள குளோட் என்ற றோமா மக்களின் ஏழைக் கிராமம். குளோட் என்றால் ருமேனிய மொழியிற் சேறு. தம் வறுமையைப் பற்றிய ஆவணப்படம் என்று நம்பியதாக அம்மக்கள் சொன்னார்கள். தமக்குக் கிடைத்தது சில டொலர்கள் மாத்திரமே என்றும் சொன்னார்கள்; வழக்கமான கூலியிலும் கூடுதலாகக் கொடுத்ததாகப் படநிறுவனம் சொன்னது. திரையில் அவர்களின் தோளிற் கைபோட்டு நின்றபடி, இவர் ஊரின் பாலியற் குற்றவாளி, இவள் விலைமாதான என் சகோதரி என்று போரட் ஆங்கிலத்தில் அறிமுகம் செய்கிறார். அவர்களுக்கு ஆங்கிலம் தெரியாது. புன்னகைக்கிறார்கள்.

நான் மேலே வைத்த அளவுகோலை இங்கே வைத்துப் பாருங்கள். இவர்கள் எந்தக் கருத்தையும் பேசவில்லை. எதற்கும் தலையாட்டவில்லை. வெறுப்பு எதனையும் வெளியிடவில்லை. நின்றார்கள், அவ்வளவுதான். மாணவர்களின் பேச்சை அம்பலப்படுத்திய அதே படம் இம்மக்களில் எதை அம்பலப்படுத்தியது? அவர்களின் வறுமையை. இனவெறியைச் சாடப் புறப்பட்ட ஒருவர், ஐரோப்பாவில் நெடுங்காலமாக ஒதுக்கப்பட்டு, நாசிகளாற் கொல்லவும் பட்ட இன்னோர் இனத்தவரைப் பின்னணிச் சீலையாக விரித்தார். இதற்கு எந்தப் பத்திரமும் விடை தராது.

ஒப்பமிட்டவர் வாசித்திருக்க வேண்டும் என்று உடனே சொல்லும் மாணவருக்கு ஒரு வார்த்தை. 1987 ஆம் ஆண்டின் 13 ஆம் திருத்தத்தின்படி தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழி. அப்படியிருந்தும், தமக்கு வாசிக்கத் தெரியாத மொழியில் அச்சிட்ட படிவத்தில், காட்டிய இடத்தில் ஒப்பம் வைத்துவிட்டு வந்த ஒருவராவது உங்கள் வீட்டில் இருப்பார். அம்மம்மாவிடம் கேட்டுப் பாருங்கள். அவர் பொறுப்பற்றவர் என்று சொல்ல உங்களுக்கு வாய் வருமா?

குளோட் கிராமத்தவர் இருவரின் பெயரில் 2006 நவம்பரில் மூன்று கோடி டொலர் கேட்டு நியூயோர்க்கில் வழக்குப் போடப்பட்டது. குற்றச்சாட்டுகள் தெளிவற்றவை என்று அடுத்த மாதமே நீதிபதி கூறிவிட்டார். கோடிகள் கிடைக்கும் என்று ஊரிலே எழுந்த நம்பிக்கை வீணானது. ஒல்லாந்து இயக்குநர் ஒருவர் அக்கிராமத்துக்குச் சென்று, அங்குள்ள இளம்பெண் ஒருத்தியையும் அவளது குடும்பத்தையும் பற்றி 'கார்மன் மீட்ஸ் போராட்' என்ற படத்தை எடுத்தார். அது ஆவணப்படம். பாணி அல்ல.